கற்பிக்க வருவோரின் கூச்சம்

(முதியோர் வகுப்பில் ஆசிரியப் பொறுப்பேற்க முன்வந்தோரிடையே பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



எழுதப் படிக்கத் தெரியாத நம் பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்தும், எண்ணும், குர்ஆன் ஓதுதலும் கற்பிப்பதென முடிவு செய்தபோது உங்களில் பலர் ஆர்வத்துடன் பெயர் கொடுத்தீர்கள். நாள் நெருங்க நெருங்கச் சிலர் தனித்தனியே என்னிடம் வந்து, "ஹஜ்ரத், என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டீர்கள். "என்னைத் தூக்கி வளர்த்த பெரியம்மாவுக்கு நான் எப்படிப் பாடம் நடத்துவேன்?" என்றார் ஒருவர். "கேள்வி கேட்டு எனக்குத் தெரியாமல் போனால் என்ன செய்வேன்?" என்றார் இன்னொருவர். "எல்லோரும் என்னையே பார்ப்பார்களே" என்று மட்டும் சொல்லித் தலைகுனிந்தார் வேறொருவர். காரணங்கள் மூன்றாயினும் நோய் ஒன்றே; அதன் பெயர் கூச்சம். இன்று அதைப் பற்றியே பேச விழைகிறேன். ஏனெனில், ஆசிரியர் கூச்சத்தால் விலகும் நாளில் வகுப்பு நின்றுபோகும். மறுமுறை அழைத்தால் அந்தப் பெரியவர்கள் வரமாட்டார்கள்.

நாணம் வேறு, கூச்சம் வேறு

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்று நாம் கற்றிருக்கிறோம். அப்படியிருக்கக் கூச்சத்தை ஏன் நோய் என்கிறேன்? 'ஹயா' எனப்படும் நாணம், தகாததைச் செய்யவிடாமல் மனிதனைத் தடுப்பது. நாம் பேசும் கூச்சமோ நல்லதைச் செய்யவிடாமல் தடுப்பது. மார்க்கத்தைக் கற்பதிலிருந்து தங்களை வெட்கம் தடுக்க இடங்கொடாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்திருக்கிறார்கள். கற்பவருக்கு இது பொருந்துமானால் கற்பிப்பவருக்கும் பொருந்தும்.

இன்னும் நுட்பமான செய்தி ஒன்றைப் பெரியோர் நமக்கு உணர்த்தியுள்ளனர். மக்கள் பார்க்க வேண்டுமென்று நற்செயல் புரிவதை 'ரியா' என்கிறோம். மக்கள் பார்க்கிறார்களே என்பதற்காக நற்செயலை விட்டுவிடுவதும் அதே வகையைச் சேர்ந்ததுதான் என்று ஃபுளைல் இப்னு இயாழ் (ரஹ்) அவர்கள் எச்சரித்ததாக அறிகிறோம். சிந்தித்துப் பாருங்கள்! இரண்டிலும் நடுவில் அமர்ந்திருப்பது 'நான்' என்பதே. "நான் எப்படித் தோன்றுகிறேன்? என் குரல் எப்படி இருக்கிறது? என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்று நினைக்கும்வரை நம் கண் நம்மீதே இருக்கிறது. எதிரில் அமர்ந்திருப்பவர் மீது அந்தக் கண் திரும்பிவிட்டால் கூச்சத்திற்கு இடமில்லாமல் போகிறது. இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவுதான்.

எதிரில் அமர்ந்திருப்பவர் யார்?

அந்தப் பெரியவரைச் சற்று எண்ணிப் பாருங்கள். நிக்காஹ் மஜ்லிஸில் தம் மகளுக்காகத் தஃப்தரில் ஒப்பமிடும் நேரம் வந்ததும், மைப்பெட்டியைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்க்கும் தகப்பனார்களை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் கட்டைவிரலை நீட்டும் அந்தக் கணத்தில் அவருடைய முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூச்சம் என்பது யாருடையது என்று. பேருந்து நிலையத்தில், "கண்ணாடியை மறந்துவிட்டேன், இது எந்த ஊர் வண்டி தம்பி?" என்று கேட்பவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே கண்ணாடியை மறந்தவர்கள்? பல ஆண்டுகளாக மறைத்து வந்த ஒன்றை, நம் வகுப்பின் வாசற்படியைத் தாண்டும் அந்த ஓர் அடியில் அவர் ஊரறிய ஒப்புக்கொள்கிறார். நீங்கள் பணயம் வைப்பது ஒரு மாலைப் பொழுதின் கௌரவத்தை. அவர் பணயம் வைப்பதோ வாழ்நாள் கௌரவத்தை. அவருடைய துணிவில் பாதியேனும் நமக்கு வேண்டாமா?

அவர் வெறுமையாக வருவதாகவும் எண்ணிவிடாதீர்கள். ஒரு மூட்டை மணிலாவை கையில் அள்ளிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லக்கூடியவர் அவர். எடைக்கும் விலைக்கும் மனக்கணக்கிலேயே விடை சொல்வார். எழுதிய கணக்குத்தான் தெரியாது. நம் சமுதாயத்தில் அரபு எழுத்துகளால் தமிழை எழுதிய அரபுத் தமிழ் நூல்கள் ஏராளமாக இருந்தன. அவற்றைச் சரளமாக ஓதிய நம் பாட்டிமார்கள் தமிழ் எழுத்து அறியாததால் 'எழுத்தறிவில்லாதவர்' என்று கணக்கில் எழுதப்பட்டார்கள். இன்றும் குர்ஆனைத் தடையின்றி ஓதும் தாய்மார்கள் சிலர் குடும்ப அட்டையில் தம் பெயரைப் படிக்க இயலாதிருக்கின்றனர். வீட்டில் உருது பேசி, கடைவீதியில் தமிழ் பேசுபவர்களும் நம்மிடையே உண்டு. இவர்களெல்லாம் ஏற்கெனவே ஒன்றைக் கற்று வென்றவர்கள். இன்னொன்றைக் கற்க வருகிறார்கள்.

நம் தளவானூரின் பாறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சி செய்த முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் எனும் குடைவரையில் வடமொழியிலும் தமிழிலும் கல்வெட்டுகள் உள்ளன. அந்தத் தமிழ்க் கல்வெட்டின் முன் நம்மில் பட்டம் பெற்றவரை நிறுத்தினாலும் ஓர் எழுத்தைக் கூட்டிப் படிக்க அவர் திணறுவார். எழுத்தின் வடிவம் அவ்வளவு மாறிவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஞ்சிக் கோட்டைக்குள் கட்டப்பட்ட சாதத்துல்லாகான் பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டின் முன்பும் நம்மில் பெரும்பாலோர் நிலை அதுவே. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது, பொருள் தெரியவில்லை. பேருந்தின் பெயர்ப்பலகை முன் நம் பெரியவர் நிற்பது இப்படித்தான். முதல் நாள் வகுப்பிற்குச் செல்லுமுன் ஒருமுறை அந்தக் குடைவரைக்குச் சென்று கல்வெட்டின் முன் நின்று வாருங்கள். நாம் மேலே, அவர் கீழே என்ற எண்ணம் தானே அகன்றுவிடும்.

வயதில் இளையோர் கற்பித்த வரலாறு

"வயதில் மூத்தவருக்கு நான் எப்படி?" என்று கேட்டீர்களே! சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பெற்ற பத்துப் பேரில் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், தம் முதுமையில் யாரிடம் அமர்ந்து ஓதினார்கள் தெரியுமா? தம்மைவிட ஏறத்தாழ நாற்பது வயது இளையவரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம்! முஹாஜிர்களில் பலருக்குத் தாம் ஓதிக்கொடுத்து வந்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களே கூறுவது புகாரியில் பதிவாகியுள்ளது. மூத்தவருக்கு அதில் இழுக்கில்லை, இளையவருக்கு அதில் செருக்கும் இல்லை.

இன்னும் சிறியவர் ஒருவர் உண்டு. அம்ர் இப்னு ஸலமா (ரலி) அவர்கள் ஆறேழு வயதுச் சிறுவராக இருந்தபோது, தம் கூட்டத்தாரில் அதிகம் குர்ஆன் தெரிந்தவர் என்பதால் தொழுகை நடத்த முன்னிறுத்தப்பட்டார்கள். அணிந்திருந்த ஆடையோ குட்டையானது. ஸஜ்தாவுக்குச் செல்கையில் உடல் வெளியே தெரிந்தது. பின்னால் நின்ற பெண்ணொருவர் அதைச் சுட்டிக்காட்டினார். அந்த மக்கள் என்ன செய்தார்கள்? சிறுவரை அகற்றிவிட்டு வேறொருவரை நிறுத்தவில்லை. துணி வாங்கிச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையால் அடைந்த மகிழ்ச்சிக்கு ஈடாக வேறெதிலும் தாம் மகிழ்ந்ததில்லை என்று அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். ஜமாஅத் பெருமக்களே, இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. கற்பிக்க வரும் இளைஞரிடம் குறை தெரிந்தால் அதைக் கடைத்தெருவில் பேசாதீர்கள். சட்டை தைத்துக் கொடுங்கள்! கரும்பலகை இல்லையா, வாங்கிக் கொடுங்கள். பாடத்தில் ஐயமா, தனியே அழைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

சக்கர நாற்காலியிலிருந்து ஒரு பெண்

இவையெல்லாம் ஸஹாபாக்களின் காலம், நம்மால் ஆகுமா என்று நினைப்பீர்கள். நம் அண்டை மாநிலத்தில், நாம் வாழும் காலத்திலேயே வாழ்ந்த ஒரு சகோதரியைச் சொல்கிறேன். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம், திரூரங்காடியை அடுத்த வெள்ளிலக்காட்டைச் சேர்ந்தவர் கே.வி. ராபியா. இளமையிலேயே போலியோவால் கால்கள் செயலிழந்தன. கல்லூரிப் படிப்பும் நின்றது. இருபதுகளின் நடுவிலிருந்த அவர், 1990 ஜூன் மாதம் தம் ஊரிலுள்ள எழுத்தறியாதவர்களுக்காக வகுப்பைத் தொடங்கினார். பார்வைக்கு அஞ்ச அவரைவிடக் காரணம் உடையவர் யார்? நடக்க இயலாதவர், பட்டம் பெறாதவர், இளம்பெண். ஆயினும் ஊரே அவரிடம் வந்து கற்றது. 1992ஆம் ஆண்டு வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரிகள், எட்டு வயதுச் சிறுவனும் எண்பது வயது மூதாட்டியும் ஒன்றாக அமர்ந்து படிப்பதைக் கண்டு வியந்தனர். ஊருக்கு வசதிகள் இல்லை என்று அவர் முறையிட்டார். சாலையும் மின்சாரமும் குடிநீரும் வந்தன. அந்தச் சாலைக்கு 'அட்சரம்', அதாவது எழுத்து, என்று பெயரிடப்பட்டது. 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2025ஆம் ஆண்டு மறைந்தார்.

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறைத் திடலில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று பெருங்கூட்டத்தின் முன் அறிவித்தவரும் அதே மலப்புரத்துப் பெண்மணிதான். முதிய வயதில் எழுத்தறிந்த சேலக்கோடன் ஆயிஷா அவர். மேடையில் அமைச்சர்கள் இருக்க, அவரே அறிவிப்பை வாசித்தார். அவருக்கு முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவரும் என்றோ ஒருநாள் உங்களைப் போல் தயங்கி நின்றவராகத்தான் இருக்க வேண்டும்.

நம் தமிழகத்திலும் 1990களில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றிக் கற்பித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களைக் கற்கச் செய்தார். கேலியையும் முணுமுணுப்பையும் தாண்டிப் பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றனர். நம் சமுதாயப் பெண்களும் அவர்களில் இருந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் கூச்சம் தீர்ந்த பின் வண்டியில் ஏறவில்லை. வண்டியில் ஏறியதால் கூச்சம் தீர்ந்தது. கற்பித்தலிலும் வரிசை இதுவே.

இன்று ஒன்றிய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் (2022-2027) பதினைந்து வயதைக் கடந்தோருக்குத் தன்னார்வலர்களைக் கொண்டே கற்பிக்கிறது. ஆக, பயிற்சி பெற்ற ஆசிரியர்களே இதற்கு வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

செயலில் சில வழிகள்

கண்ணை நம்மிடமிருந்து அவர்மீது திருப்புவது எப்படி? அதற்குச் சில எளிய வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, நீங்கள் முன்னதாகச் சென்று அமர்ந்து, வருவோரை வரவேற்பவராக இருங்கள். நிறைந்த சபைக்குள் பிந்தி நுழைபவருக்கே கூச்சம் அதிகம். வரிசையாக அமர்த்தாமல் வட்டமாக அமருங்கள். நீங்களும் அதே பாயில் அமருங்கள். "நன்னி", "பெரியம்மா", "மாமு" என்று நேற்றுவரை எப்படி அழைத்தீர்களோ அப்படியே அழையுங்கள். ஆசிரியரானதால் உறவு மாறிவிடவில்லை. சிறுபிள்ளைகளிடம் பேசும் குரலை மட்டும் அவர்களிடம் கொண்டுவராதீர்கள்.

இரண்டாவது, முதல் நாள் பாடம் நடத்துவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எதைப் படிக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை?" ஒருவர் மகளின் திருமணத்தில் ஒப்பமிட வேண்டும் என்பார். ஒருவர் மருந்துச் சீட்டு என்பார், வங்கிப் புத்தகம் என்பார், பேரனின் செய்தியைக் கைபேசியில் வாசிக்க வேண்டும் என்பார். அவர் பேசத் தொடங்கியதும் நீங்கள் கேட்பவராகிவிடுவீர்கள். கேட்பவருக்குத் தம்மைப் பற்றி நினைக்க நேரமிருக்காது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1963ஆம் ஆண்டு ஆஞ்ஜிகோஸ் எனும் ஊரில் முந்நூறு பேர் கொண்ட உழைப்பாளர் வகுப்புகளை நடத்தியபோது, அந்த மக்களின் வாழ்விலிருந்தே சொற்களைத் தேர்ந்தெடுத்தார். நம் அறிவொளிப் பாடநூலும் 'பட்டா' எனும் சொல்லைக் கொண்டு தொடங்கியது. நிலமற்றவரின் நெஞ்சைத் தொடும் சொல் அது. ப, ட இரண்டும் நேர்கோடுகளால் எழுதத்தக்க எளிய எழுத்துகளும்கூட. 247 எழுத்துகளையும் அகர வரிசையில் ஒப்பிக்கச் சொல்லி முதியவரை மலைக்க வைக்க வேண்டியதில்லை. அவருடைய பெயரிலிருந்தே தொடங்கலாம்.

மூன்றாவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது 32 கேள்விகளுக்குத் தெரியாது என்றே விடையளித்ததாக வரலாறு கூறுகிறது. மதீனாவின் இமாமுக்கு அதனால் மதிப்புக் குறைந்ததா? "நாளை கேட்டு வந்து சொல்கிறேன்" என்று கூறி, மறுநாள் மறவாமல் சொல்லும் ஆசிரியரைப் பெரியவர்கள் மிகவும் நம்புவார்கள். தெரியாததை ஒப்புக்கொள்வது இழிவில்லை என்று அவர்களும் உங்களிடம் கற்பார்கள்.

நான்காவது, இருவர் இருவராகக் கற்பியுங்கள். ஃபிர்அவ்னிடம் செல்லப் பணிக்கப்பட்ட மூஸா (அலை) அவர்கள், நெஞ்சு விரியவும் நாவின் முடிச்சு அவிழவும் இறைவனிடம் இறைஞ்சினார்கள். அத்துடன், தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். துணை கேட்பது நபிமார்களின் வழி. ஒருவர் பலகையில் எழுத, மற்றவர் பெரியவரின் அருகே அமர்ந்து கைபிடித்து எழுதச் செய்யலாம்.

ஐந்தாவது, பிழையைத் திருத்தும் முறை. தொழுகையின் நடுவே அறியாமல் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை, முகம் சுளிக்கவுமில்லை, தொழுகை முடிந்ததும் அமைதியாக விளக்கினார்கள். அவரைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அந்தத் தோழர் சாட்சியம் கூறினார். பெரியவரின் பிழையைச் சபையறியத் திருத்தாதீர்கள். திக்கித் திக்கிக் குர்ஆன் ஓதுபவருக்கு இரு மடங்கு கூலி உண்டு என்ற நன்மாராயத்தை நினைவூட்டுங்கள்.

ஆறாவது, சிரமங்களைக் குறையென எண்ணிவிடாதீர்கள். நாற்பதைக் கடந்தோர் பலருக்கு வெள்ளெழுத்து இருக்கும். எழுத்து மங்கலாகத் தெரிவதை மறதி என்று நினைத்துவிடுவோம். பெரிய எழுத்தில் எழுதுங்கள், நல்ல வெளிச்சம் வையுங்கள், கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்களுக்கு மெல்லிய பென்சில் வசப்பட நாளாகும்.

வகுப்பிற்கு ஒருவர் வராமல் போனால்

கடைசியாக ஒன்று. சில நாட்களில் பத்துப் பேர் ஆறாவார்கள், ஆறு பேர் நால்வராவார்கள். அப்போது கூச்சம் மறுபடியும் தலைதூக்கி, "நீ சரியாகச் சொல்லித் தரவில்லை, அதனால்தான் வரவில்லை" என்று காதில் ஓதும். அதை நம்பிவிடாதீர்கள், வீட்டிற்கே சென்று கேளுங்கள். நடவு நேரமாக இருக்கும், பேரப்பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், மருமகன் வந்திருப்பார். அல்லது, "இந்த வயதில் உனக்கு எதற்கு?" என்று வீட்டில் யாரோ சிரித்திருப்பார்கள். அப்படியானால் அவருக்கு உங்கள் வருகையைவிடப் பெரிய மருந்து இல்லை.

ஹிஜ்ரத்திற்கு முன் நபி (ஸல்) அவர்கள் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை மதீனாவுக்கு ஆசிரியராக அனுப்பி வைத்தார்கள். ஊருக்குப் புதியவர். அவர் கற்பித்துக்கொண்டிருந்த இடத்திற்கு அந்தக் குலத்தின் தலைவர்களுள் ஒருவரான உஸைத் இப்னு ஹுளைர் ஈட்டியுடன் சினந்து வந்தார். முஸ்அப் (ரலி) அவர்கள் தம்மை நியாயப்படுத்தவும் இல்லை, அஞ்சி எழுந்து செல்லவும் இல்லை. அமர்ந்து கேட்குமாறும், பிடித்தால் ஏற்குமாறும், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்வதாகவும் பணிவாகச் சொன்னார்கள். உஸைத் ஈட்டியை நட்டுவிட்டு அமர்ந்தார். அன்றே இஸ்லாத்தை ஏற்றார். கேட்பவருக்கு உரிமை கொடுத்துவிட்ட ஆசிரியருக்கு இழக்க ஒன்றுமில்லை. நீங்களும் உங்கள் மாணவருக்கு அந்த உரிமையைக் கொடுங்கள்: பாடம் பிடிக்கவில்லையென்றால் மாற்றலாம், வேகம் அதிகமென்றால் குறைக்கலாம்.

என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டவர்களுக்கு என் பதில் இது: பெயர்ப் பட்டியலில் இருந்து நான் யாரையும் எடுக்கப்போவதில்லை. கூச்சத்தோடேயே வாருங்கள். முதல் வாரம் கை நடுங்கட்டும், குரல் தடுமாறட்டும். எதிரில் இருப்பவரின் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு நடுங்கும் கைகள் சேர்ந்து ஒரு பெயரை எழுதி முடிக்கும் நாள் வரும். அடுத்த நிக்காஹ் தஃப்தரில் மைப்பெட்டியைத் தேடாமல் பேனாவை வாங்கும் ஒரு தகப்பனாரையேனும் நாம் அனைவரும் காண வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் நெஞ்சங்களை விரிவாக்கி, நாவுகளை இலகுவாக்கி, கற்போருக்கும் கற்பிப்போருக்கும் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.